ஈரச்சுவர் மீது ஒரு புகார்

என் அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இப்படிச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான் பாடகன். ஃபிரிட்ஜ் எல்லாம் வயித்துக்கு" என்பான். அந்த வயிற்றுக்கான வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்ப்ரசர் மேல் காதை வைத்தே என்ன கோளாறு, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். கறுப்புச் சட்டையும் கண்மையுமாக வாசலில் வந்து நிற்பவனைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனவர்கள்கூட, தண்ணீர் ஐஸ் ஆனதும் பக்கத்து வீட்டுக்கு அவன் நம்பரைக் கொடுக்கிறார்கள். பாட்டு விஷயத்தில் அப்படி ஒருவர் இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவனுடைய குழுவின் பெயர் ஈரச்சுவர். "நம்ம பாத்ரூம் சுவருக்கு எதுக்குடா இவ்வளவு விளம்பரம்" என்று அம்மா கேட்டாள். இந்த வகைப் பாட்டுக்கு கோதிக் போஸ்ட்-பங்க் என்று பெயராம். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கறுப்பைத் தவிர வேறு நிறம் உடம்பில் படக்கூடாது. கிதார் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்கவேண்டும், பேஸ் கிதார் மட்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து இடிக்கவேண்டும். பாடுகிறவர், வீட்டில் துக்கம் என்று சொல்ல வந்துவிட்டு எப்படிச் சொல்வது என்று முழிக்கிற ஆள் மாதிரி அடித்தொண்டையில் முனகவேண்டும். பனி, இருட்டு, பூட்டின கதவு, சவப்பெட்டி எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. சிரிப்புக்குக் கிடையாது.

குழுவில் மொத்தம் மூன்று பேர். பாடுவதும் பேஸ் வாசிப்பதும் அண்ணன். அவனுக்கு அங்கே 'இருள்' என்று பெயர். கிதார் வாசிப்பவன் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பதால் பல்லு. மூன்றாவது ஆள், டிரம் அடிக்க யாரும் வராததால் வாங்கிப் போட்ட ஒரு டிரம் மெஷின். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது நான்தான். ஒழுங்காக வேலை செய்யாது, நினைத்த நேரத்தில் முறுக்கிக்கொள்ளும், ஆனால் எங்கே போனாலும் முதல் நாற்காலி அதற்குத்தான்.

இந்த மூன்று பேரின் பாட்டும் ரேடியோவில் வந்ததே இல்லை. நியாயமாக இதற்கு வருத்தப்படவேண்டும். இவர்களுக்கு அதுதான் பெருமையே. 'வானொலி தடை செய்த இசைக்குழு' என்று போஸ்டரில் பெயருக்குமேல் போடுவார்கள், டி-ஷர்ட் முதுகில் போடுவார்கள், ஒருமுறை பல்லு ஸ்கூட்டரின் பின்னாலும் எழுதிக்கொண்டு திரிந்தான். ஆதாரம் எங்கள் வீட்டு ஹாலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வானொலி நிலையத்தின் முகப்புத்தாளில் டைப் அடித்த கடிதம். 'தங்களின் "பனிக்கட்டியில் ஒரு விரல்" என்னும் பாடல் நேயர்களின் மன அமைதிக்குப் பெருங்கேடு விளைவிக்கும் எனத் தேர்வுக்குழு ஒருமனதாகக் கருதுவதால், அதன் ஒலிபரப்பு இதன்மூலம் தடை செய்யப்படுகிறது.' கீழே நிலைய இயக்குநரின் கையெழுத்து, வட்ட முத்திரை எல்லாம் உண்டு.

அந்தக் கடிதத்தை டைப் அடித்தது நான். டைப் மட்டும் இல்லை, அந்த 'ஒருமனதாக', அந்தப் 'பெருங்கேடு' எல்லாம் என் கைவண்ணம்தான். கையெழுத்தும் நான் போட்டதுதான். இயக்குநர் பாவம், அவர் பெயரில் இப்படி ஒரு இலக்கியம் இருப்பது தெரியாமலே ரிட்டயர் ஆகிப் போனார்.

பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. நான் அப்போது நிலையத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் அந்தப் பாட்டைப் பதிவு செய்து, சிடியைக் கவரில் போட்டு, என்னிடம்கூடக் கொடுக்காமல் நேர்மையாகத் தபாலில் அனுப்பினான். தங்கை சிபாரிசில் உள்ளே போனான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதாம். அப்புறம் தினமும் சாப்பாட்டுத் தட்டு முன்னால் அதே கேள்வி.

"கேட்டாங்களா?"

"இந்த வாரம் கமிட்டி கூடல."

"கேட்டாங்களா?"

"ஒருத்தர் லீவு."

கமிட்டி புதன்கிழமை தவறாமல் கூடியது. மூன்று பேரும் டீ குடித்தார்கள், பிஸ்கட் தீர்ந்ததும் எழுந்து போனார்கள். தெரிந்தவர்கள் கொடுத்த சிடி மேசைமேல் இருந்தது, தபாலில் வந்தது மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் இருந்தது. ஆறு மாசத்தில் அந்தப் பெட்டிப்பக்கம் ஒருத்தர்கூடக் குனியவில்லை. அண்ணனின் கவர் கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. பாட்டு மோசம் என்று சொல்லியிருந்தால்கூட அவன் சண்டை போட்டிருப்பான். கவரையே பிரிக்கவில்லை என்பதை ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

ஏழாவது மாசம் அவன் கேட்பதை நிறுத்தினான். வேலைக்குப் போவதையும் நிறுத்தினான். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அம்மா கொண்டுபோய் வைத்த தட்டு அப்படியே திரும்பி வந்தது. பல்லு வந்து பேசிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அழுதுவிட்டான். இருபத்திரண்டு நாள் இப்படியே போனது. நான் எண்ணினேன்.

அதற்கு முந்தின வருஷம்தான், கல்யாணமாகிப் போன எட்டாவது மாசத்தில், நான் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்றேன். ஏன் எதற்கு என்று கேட்காத ஒரே ஆள் அண்ணன். பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தன் அலமாரியில் பாதியைக் காலி பண்ணிக் கொடுத்தான். அப்படிப்பட்டவன் இருபத்திரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் நான் என்ன செய்வேன், விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டுவேனா? மதிய இடைவேளையில் உட்கார்ந்து டைப் அடித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, கடிதம் நன்றாக வேலை செய்தது. படித்தான். இரண்டாவது முறை எழுந்து உட்கார்ந்து படித்தான். "மன அமைதிக்குப் பெருங்கேடு" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். "பயந்துட்டானுங்க" என்றான். அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டான். அடுத்த மாசம் டயர் கடைக்குக் கீழே இருக்கிற நிலவறையில் நிகழ்ச்சி வைத்தார்கள். அதுவரை பதினோரு பேர் வந்துகொண்டிருந்த இடத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். தடை என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு ருசி. பதினெட்டு வருஷமாக அதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. இன்டர்நெட்டில் போடச் சொன்னால் போடமாட்டான். "அப்புறம் எல்லாரும் கேட்டுடுவாங்க" என்பான்.

உண்மை வெளியே வந்தால் என் வேலை போகும். போகட்டும், அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு முதுகுவலிதான் மிச்சம். ஆனால் அண்ணன் மறுபடி போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். நாற்பத்தாறு வயசில் படுத்தால் எழுந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமாக எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

இப்படி இருக்கும்போதுதான் நிலையத்துக்குப் புதிதாக ஒரு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் வந்து சேர்ந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. உட்காரும்போது ஒன்று, எழும்போது ஒன்று என்று அவளுக்கு ஐடியா வரும். அதனால் எங்கள் செக்‌ஷனில் அவளுக்குப் பெயரே ஐடியா. நான் இப்போது நேயர் மேசைக்குப் பொறுப்பு. அதாவது ஃபோன் எடுக்கவேண்டும், புகாரை எழுதிக்கொள்ளவேண்டும், போதாக்குறைக்குப் பழைய ஒலிநாடாக்கள் இருக்கும் அறையின் சாவியும் என் தலையில்.

ஒரு திங்கள்கிழமை ஐடியா என் மேசைமேல் ஒரு டி-ஷர்ட்டை விரித்துப் போட்டாள். முதுகில் அந்த வாசகம்.

"அக்கா, இது நம்ம ஸ்டேஷனா?"

"எத்தனையோ ஸ்டேஷன் இருக்கு மேடம்" என்றேன்.

"இல்லக்கா, நம்மதுதான். விசாரிச்சுட்டேன். எவ்வளவு பெரிய விஷயம் இது, யாருமே சொல்லலையே. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு ஸ்பெஷல் பண்றோம். 'தடை உடைத்த பாடல்கள்'. முதல் பாட்டு இதுதான். அந்தத் தடை ஃபைலைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"ஃபைல் கரையான் தின்னுடுச்சு மேடம்."

"முழுசாவா?"

"அட்டைகூட மிச்சமில்ல."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அதுகூட நல்லாத்தான் இருக்கு. தடயமே இல்லாம அழிச்சிட்டாங்கன்னு சொல்லலாம்" என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கெட்ட செய்தி என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. மூன்று மணிக்குள் ஒரு அதிகாரப்பூர்வக் கடிதம் தயாரானது. ஈரச்சுவர் குழுவின் மீது விதிக்கப்பட்டிருந்த தடை நீக்கப்படுகிறது என்று. விதிக்காத தடையை நீக்கிய முதல் வானொலி நிலையம் எங்களுடையதாகத்தான் இருக்கும். அதையும் என்னைத்தான் டைப் அடிக்கச் சொன்னாள்.

தபாலில் போகவேண்டிய கடிதத்தை நானே வீட்டுக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். பல்லுவும் இருந்தான். மாப்பிள்ளையைப் பிரித்துப் போட்டு உள்ளே ஊதிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் படித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கரண்ட் இல்லாத ஃபிரிட்ஜைத் திறந்தவன் மாதிரி ஆனது முகம்.

"யாரைக் கேட்டு நீக்கினாங்க?"

"உன்னைக் கேட்டு நீக்கணுமா?"

"பதினெட்டு வருஷம். பதினெட்டு வருஷம் தடுத்து வெச்சுட்டு இப்ப திடீர்னு வந்து போடறோம்னா, நாங்க என்ன கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

பல்லு மெதுவாக, "புது டி-ஷர்ட் இருநூறு அடிக்கக் குடுத்திருக்கேன் இருள்" என்றான்.

"'தடை செய்யப்பட்டிருந்த'ன்னு மாத்திக்கலாம்" என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

சாப்பிடும்போது அண்ணனுக்கு ஒரு வழி பிடிபட்டுவிட்டது. இது சதி இல்லை, சரணாகதி. ரேடியோக்காரர்கள் கடைசியில் அவன் காலில் விழுந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஒன்று தெரியவில்லை. ஜனங்கள் இன்னும் தயாராக இல்லை.

"வெள்ளிக்கிழமை உன் ஃபோன் எரியப் போகுது பாரு. கூட ரெண்டு ஆளைப் போடச் சொல்லு. ஒரே மணி நேரத்துல மறுபடி தடை பண்ணிடுவாங்க. இந்தத் தடவை நிரந்தரமா."

"அப்படியா சொல்ற?"

"நீயே சொல்லேன், அந்தப் பாட்டைக் கேட்டா உனக்கு எப்படி இருக்கும்?"

நான் தலையை ஆட்டி வைத்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. அவன் மொட்டை மாடி அறையில் பயிற்சி செய்யும்போது காதில் விழுந்த முனகல் உண்டு. டயர் கடைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் முதல் நிமிஷத்திலேயே மூச்சுமுட்டி வெளியே வந்துவிட்டேன். முழுப் பாட்டு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல்தான் 'பெருங்கேடு' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை அவன் அலட்டிக்கொள்ளாத மாதிரி நடந்துகொண்டான். அலட்டிக்கொள்ளாத ஆள் எதற்கு அம்மாவின் ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கிப் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குமேல் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே என்று பல்லுவிடம் நாலு முறை சொன்னான். கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டான். ரேடியோவில் சட்டை தெரியாதே என்று அம்மா சொன்னதற்கு, "எனக்குத் தெரியும்ல" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒலிநாடா அறையைத் திறந்து அந்த அட்டைப்பெட்டியைத் தேடினேன். மூன்று இடம் மாறியிருந்தாலும் பெட்டி இருந்தது. அடியில் அவன் கவர். முகவரியை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தான். பின்பக்கம் அவன் ஒட்டின பசை அப்படியே இருந்தது. நான் நகத்தால் கிழித்துத் திறந்தேன். உள்ளே சிடியோடு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. 'பெரியோர்களுக்கு வணக்கம். பாட்டு கொஞ்சம் நீளம். பொறுமையாகக் கடைசிவரை கேட்கவும்.' சிடியை எடுத்துக்கொண்டேன். சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

நாலு இருபதுக்குப் பாட்டு. நாலு மணியிலிருந்தே ஐடியா மைக்கில் வெளுத்து வாங்கினாள். கேட்டால் ராத்திரி தூக்கம் வராது, இதயம் பலவீனமானவர்கள் ரேடியோவை அணைத்துவிடலாம், இத்தனை வருஷம் இருட்டறையில் பூட்டி வைக்கப்பட்ட குரல் என்று ஏகப்பட்டது. இருட்டறை மட்டும் நிஜம். என் மேசைக்குமேல் ஒரு ஸ்பீக்கர் உண்டு. எப்போதும் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருப்பேன். அன்றைக்கு ஏற்றி வைத்தேன். புகார் நோட்டைத் திறந்து தேதி போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தேன்.

முதல் இரண்டு நிமிஷம் எதிர்பார்த்ததுதான். மாப்பிள்ளை கதவைத் தட்டுகிற மாதிரி அடித்தது. பேஸ் இடித்தது. அண்ணன் அடித்தொண்டையில் பனி, விரல், நீலம் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து மேசைக்காரர் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். மூன்றாவது நிமிஷமும் அதே இழுவை. கொட்டாவி வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

நாலாவது நிமிஷத்தில் எல்லாம் நின்றது. பேஸ் மட்டும் ஒற்றைக் கம்பியில். அவன் அந்த அடித்தொண்டையை விட்டுவிட்டான். அவனுடைய குரல், இருபத்தெட்டு வயசுக் குரல், மெலிசாக, ஓரத்தில் கொஞ்சம் பிசிறடித்தபடி.

'கதவைச் சாத்தினா
விளக்கு அணையும்.
அணைஞ்சுதான்னு பாக்க
ஆளில்ல.
உள்ள நான் இருக்கேன்,
யாராவது
திறந்து பாருங்களேன்.'

ஃபிரிட்ஜைப் பற்றித்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேறு எதைப் பற்றி எழுதுவான்? ஆனால் நான் ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னும் ஏற்றினேன். இரண்டாவது முறை அதே வரிகளைப் பாடினான். மூன்றாவது முறை 'யாராவது' வரைக்கும் வந்து நிறுத்திவிட்டான். ஒட்டின கவருக்குள் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாக அவன் இதைத்தான் பாடிக்கொண்டிருந்திருக்கிறான். அந்தப் பாட்டு மோசம் என்று உலகத்தில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. கமிட்டி கேட்கவே இல்லை. நான் மட்டும்தான் கேட்காமலே முடிவு பண்ணி, அவன் தாங்கமாட்டான் என்று முடிவு பண்ணி, ஒரு பொய்யை எழுதி அவன் கையில் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. ஃபோனைப் பார்த்தேன்.

ஃபோன் எரியவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. நாலு முப்பதுக்கு ஒருமுறை அடித்தது, பாய்ந்து எடுத்தேன். ஒரு பெண்மணி, அஞ்சு மணிச் செய்தி அஞ்சு மணிக்குத்தானா என்று கேட்டார். நாலு முப்பத்தெட்டுக்கு ஒருவர், போன வாரப் போட்டியில் ஜெயித்த குடை இன்னும் வந்து சேரவில்லை என்றார்.

"சார், இப்ப ஒரு பாட்டு போட்டோமே, கேட்டீங்களா?"

"எந்தப் பாட்டு? ரேடியோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. குடை எப்ப வரும்?"

ஐடியா ஸ்டுடியோவிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். "எத்தனைக்கா?" நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். வெறும் தேதி. "ஆங், இன்னும் அதிர்ச்சியில இருக்காங்க போல" என்றாள். வாசலைத் தாண்டுவதற்குள் அவளுக்கு அடுத்த ஐடியா வந்துவிட்டது என்பது நடையிலேயே தெரிந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்கு மறுபடி ஃபோன் அடித்தது.

"வானொலி நிலையமா?" கனமான, வயசான ஒரு ஆண் குரல். "நான் ஒரு பொறுப்புள்ள குடிமகன் பேசறேன். இப்ப ஒரு பாட்டு போட்டீங்களே, இதெல்லாம் குடும்பத்தோட உக்காந்து கேக்கற பாட்டா? என்ன நினைச்சுக்கிட்டிருக்கீங்க?"

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அதன் பின்னால் எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு குரல். "டேய், வெங்காயம் வாங்கிட்டு வான்னு எப்ப சொன்னேன், யாருகிட்டடா பேசற?"

பொறுப்புள்ள குடிமகன் ஃபோனைப் பொத்திக்கொண்டு "ஷ்ஷ்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை எடுத்தேன். "சொல்லுங்க சார். எழுதிக்கிறேன். வயசு?"

"அறுபத்தி... எட்டு."

"தொழில்?"

"ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்."

"புகார் என்னங்க சார்?"

"எங்க வீட்ல எல்லாரும் நடுங்கிப் போயிட்டோம். இதை உடனே தடை பண்ணணும். முன்னாடி பண்ணின மாதிரியே." கொஞ்சம் நிறுத்தினார். அந்தக் கனமான குரல் ஒரு படி கீழே இறங்கியது. "எனக்கு முன்னாடி எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

நோட்டைப் பார்த்தேன். நாற்பது பேர் என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி ஆகாது. நாற்பது என்றால் அவன் இன்னும் பதினெட்டு வருஷம் சாப்பிடுவான். பைக்குள் அந்தத் துண்டுச் சீட்டு இருந்தது.

"யாரும் கூப்பிடல சார். நீங்க ஒருத்தர்தான்."

குக்கரும் அடங்கிவிட்டது. ஃபோனை வைத்துவிடுவானோ என்று பயந்து நான் வேகமாகப் பேசினேன்.

"சார், நீங்க பெரியவர். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதைத் தடை பண்ணச் சொல்றீங்க. இதை யாரும் எப்பவும் தடை பண்ணல. அந்த லெட்டரை நான்தான் டைப் அடிச்சேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன். கமிட்டி அந்தக் கவரைப் பிரிக்கவே இல்ல. இன்னைக்குக் காலையில நான் கிழிக்கிற வரைக்கும் ஒட்டினது ஒட்டினபடி இருந்துச்சு. அந்தப் பையன் படுத்த படுக்கையா கிடந்தான் சார். எனக்கு வேற வழி தெரியல."

பக்கத்து மேசைக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். அவன் உட்கார நாற்காலியை இழுப்பது கேட்டது.

கடைசியில் தலைமை ஆசிரியர்தான் பேசினார், ரொம்ப மெதுவாக. "அந்தப் பையனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது சார்."

"ம்."

"சொல்லணுமா சார்?"

"நீங்க..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க அந்தப் பாட்டைக் கேட்டீங்களா?"

"இன்னைக்குத்தான் முதல் தடவை. கடைசி வரைக்கும் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

இதுவரை அவனிடம் இந்தக் கேள்விக்கு நான் உண்மையாகப் பதில் சொன்னதே இல்லை. "முதல் மூணு நிமிஷம் இழுவை சார். வேற யாரையோ மாதிரி பாட முயற்சி பண்ணியிருக்கான். எனக்குக் கொட்டாவி வந்துச்சு" என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. "நாலாவது நிமிஷத்துல அவன் குரல்லயே பாடறான். 'யாராவது'ன்னு சொல்லிட்டு நிறுத்தறான். நான் எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறக்கணும் போல இருந்துச்சு. எந்தக் கதவுன்னுதான் தெரியல. எனக்கு அழுகை வந்துடுச்சு சார்."

ஸ்பீக்கரில் ஐடியா வேறு எதையோ பார்த்து வியந்துகொண்டிருந்தாள். அம்மா மறுபடி வெங்காயம் என்றாள்.

"இனிமே அதை எப்பப் போடுவீங்க?" என்று கேட்டது குரல்.

"திருப்பிப் போடறது கஷ்டம் சார். நேயர் யாராவது விரும்பிக் கேட்டாத்தான் போடுவாங்க. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன்" என்றான் அண்ணன். தலைமை ஆசிரியரும் இல்லை, இருளும் இல்லை, அவனுடைய மெலிசான குரல். "எழுதிக்கோ."

நான் எழுதிக்கொண்டேன்.